எந்தச் சோதனை

இரவு பதினொன்றேகால்.
கனடாவிலிருந்து பெடியன் கதைக்கிறான்.
தமிழ் அவனுக்கு வாயில் கிடக்கிற ஐஸ்கட்டி,
இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டுவான்.
"அங்கிள், அப்பா பாஸ் பண்ணீற்றார்."

எந்தச் சோதனை, தம்பி?
என்று கேட்டேன்.
சந்தோசமாகத்தான் கேட்டேன்.
லொறி லைசென்ஸுக்கு மூன்றாம் தரம் எழுதப்போறன் என்று
போன மாதம் மரியநேசன் சொல்லியிருந்தான்.
ஐம்பத்தெட்டு வயதில் என்னடா லொறி என்று
நான் பகிடி பண்ணியிருந்தேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு ஜசிந்தா ரெலிபோனை வாங்கினாள்.
அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகுதான் எனக்கு இங்கிலீஸ் விளங்கியது.

நேசன் எனக்குப் பாஸ் தந்ததில்லை.
வலது கரையில் நான் தொண்டை கிழிய
பாஸ், பாஸ் என்று ஓட,
அவன் மூன்று பேரை வெட்டி
நாலாமவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு
என்னைப் பார்த்துச் சிரிப்பான்.
நாவாந்துறையோடு தோற்ற ஆட்டமெல்லாம் அப்படித்தான்.
கணக்குப் பாடத்தில் அவன் பாஸ்.
நான் ஜெற்றியில் வலை இழுத்தேன்.
பெரிய வியாழனுக்குக் கோயில் வளவில் போடுகிற பாஸில்
அவன் சீமோன், ஆண்டவரின் சிலுவையை வாங்கிச் சுமப்பவன்.
நான் சனத்தோடு சனமாய் நின்று கத்தினேன்.

பிறகு அந்தச் சொல் ஒரு துண்டுக் கடதாசியாக வந்தது.
பேர். வயது. போகும் காரணம். திரும்பும் திகதி.
காரணம்: தாயாரின் கண் ஒப்பரேசன், கொழும்பு.
தாய்க்கு ஊசியில் நூல் கோக்கிற கண்.
எழுதினவனுக்கும் தெரியும்,
வாசித்தவனுக்கும் தெரிந்திருக்கும்.
கீழே, பிணை நிற்பவர்.
பேனை மை இறங்காமல்
என் பேரை இரண்டு தரம் எழுதினேன்.

பதினான்கு நாள் பாஸ்.
பதினைந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.
அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும்
அதே வாங்கு, அதே கேள்வி.
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.
வள்ளத்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
யார் என்று கேட்காதீர்கள்.
கதிரையில் இருந்தவர்கள் மாறினார்கள்,
பிறகு வந்தவர்களிடமும் ஒரு பாஸ் இருந்தது,
கடலுக்குப் போக, கடலிலிருந்து வர.
சோதனை என்றால் எங்களுக்கு அப்போது
பள்ளிக்கூடம் ஞாபகம் வராது.
சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான்.

ஏழு வருசத்துக்குப் பிறகு அவன் முதல் கடிதம்.
உள்ளே எஞ்சின் காசு, சதக்கணக்காய்.
மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை.
அடியில் மட்டும்,
"மச்சான், இந்தா பாஸ்."
அன்றைக்கு அந்தக் காசை எண்ணாமல்
அலுமாரிக்குள் வைத்தேன்.
கோபம் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.
கோபமும்தான்.

இப்போது பெடியன் திரும்பவும் எடுத்திருக்கிறான்.
பேப்பருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டுமாம்,
தமிழில் எழுத அங்கே ஆளில்லையாம்.
"பாஸ் பண்ணீற்றார் எண்டு போடலாமோ, அங்கிள்?"
சிரிக்கவில்லை நான்.
எங்கள் றிப்போட்டிலும் பாஸுக்குச் சித்தி என்றுதான் போடுவார்கள்,
சாமியார் ஒருவர் கண்ணை மூடினாலும் சித்தி.
அவனை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கு?

குசினி மேசையில் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து
எழுதுகிறேன்.
யாழ். குருநகரைப் பிறப்பிடமாகவும்
கனடாவை வதிவிடமாகவும் கொண்ட.
பேர். வயது.
காரணம் கேட்கவில்லை இதில்.
திரும்பும் திகதிக்கு இடமில்லை.
இறைபதம் எய்தினார் என்று முடித்து
கீழே, தகவல் என்ற இடத்தில்
என் பேரை எழுதுகிறேன்.
பேனை
முதல் தரத்திலேயே எழுதுகிறது.