ஆறாவது பாத்தி

இத்தலாருக்குக் கீழே மூன்றாவது அடுக்கில்
ஆறு பாத்தி முட்டைக்கோஸ்.
ஒன்றுக்கு வேப்பங்கொட்டைச் சாறு,
ஒன்றுக்கு பாக்டீரியாத் தூள்,
ஒன்றைச் சுற்றிக் கடுகு,
ஒன்றுக்குக் குளவி,
ஒன்றுக்கு ஊரே அடிக்கும் மருந்து, வாரம் இரண்டு தரம்.
ஆறாவதற்கு ஒன்றுமில்லை.

ஒன்றும் செய்யாமலிருப்பதுதான்
அதற்கு நாங்கள் செய்வது.
போஜனுக்கு இதை விளக்க
இரண்டு டீ ஆயிற்று.
"தின்ன விடணுமா?"
"ஆமாங்க."
"பாத்துக்கிட்டே?"
"எண்ணிக்கிட்டே."
இழப்பீடு தலைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கையெழுத்துப் போட்டார்.
மிச்சியக்காவிடம் யாரும் காகிதத்தை நீட்டவில்லை.

வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர்.
சிறகை மடக்கினால் முதுகில் மூன்று வெள்ளைக் கட்டம்,
அழகுதான்.
அதன் புழு முதலில் இலைக்கு ஜன்னல் வைக்கும்,
பிறகு சுவரையும் தின்னும்.

புதன்தோறும் பாத்திக்குப் பத்துச் செடி.
விரல் மரத்துப்போய்
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

ஏழாவது வாரம்
மருந்துப் பாத்தியில் செடிக்கு ஒன்பது புழு.
ஆறாவதில் ஒன்று.
மறுபடி எண்ணினேன். ஒன்றுதான்.
கோயம்புத்தூரிலிருந்து ஐயா போனில் சொன்னார்:
"பாத்தி மாத்தி எழுதியிருப்பே."
பலகையைப் பார்த்தேன். மாறவில்லை.
"அப்போ அந்த ஆள் அடிச்சிருக்கான்."
முகர்ந்தேன்.
இலையில் இலை மணம்.

அன்று கடைசி பஸ் வரவில்லை,
எமரால்டு பக்கம் மரம் விழுந்துவிட்டதாம்.
அவர்கள் வீட்டில் படுத்தேன்.
பத்து மணிக்கு மேல் பின்கதவு திறந்த சத்தம்.
அடுக்கில் ஒரு டார்ச் வெளிச்சம்
குனிந்து குனிந்து நகர்ந்தது.

மிச்சியக்கா. இடுப்பில் பால்பவுடர் டப்பா.
"கோழிக்குத்தான்" என்றாள், நான் கேட்கும் முன்பே.
கொஞ்சம் கழித்து,
"கண்ணு முன்னாடி தின்னுது.
நீ எண்ணுறே.
நான் என்ன பண்ண?"

டார்ச்சை வாங்கி இலையைத் திருப்பினேன்.
பச்சையெல்லாம் போயிருந்தது.
அடியில் வலைக்கூட்டுக்குள்
பழுப்பாகச் சில, நெல்லில் பாதி,
இருந்தபடி இருந்தன.
"இதை எடுக்கலையா?"
"அது நகராது. கோழியும் சீந்தாது."

அது குளவி.
புழுவை உள்ளிருந்தே தின்று முடித்து உறங்குகிறது.
நாலாம் பாத்தியிலிருந்து
யாரையும் கேட்காமல் வந்திருக்கிறது.

ஐயா சொன்னார், அந்த எண்ணை நீக்கிவிடு.
நீக்கினேன். அட்டவணை ஒழுங்காயிற்று.
ஆறாவது பாத்தியில் தலை ஒன்று ஒன்றேகால் கிலோ.
சேதம் இல்லையே என்று
கணக்குப் பிரிவு பன்னிரண்டு ரூபாயை நிறுத்திவிட்டது.
மேட்டுப்பாளையம் மண்டியில் அன்று கிலோ ஆறு.

குன்னூர் பஸ்ஸில் என் பைக்குள்
ஒரு தீப்பெட்டி, அதில் ஏழு பழுப்புக் கூடு.
எந்தப் பாத்தி என்று அதன்மேல் எழுதவில்லை.
கேத்தி தாண்டும்போது
உள்ளே ஏதோ சுரண்டியது.
அடியில் மிஞ்சிய
தீக்குச்சியாகவும் இருக்கலாம்.