திரும்பும் ஆரம்

பனி இறங்கிவிட்டால் அப்புத்தளையில் ஹயர் இல்லை.
ஸ்டேஷன் மதிலோரம் ஏழு ஆட்டோ.
நளீமின் போனைச் சுற்றி ஐந்து தலை.

ரஃபேலா, ஜே-டென்னா?
காலையிலிருந்து இதே வழக்கு.
நளீம் சீனன் பக்கம்:
"மச்சான், ஏவுகணை எட்டுற தூரத்தப் பாரு.
இவன் அவனக் காண முந்தியே கதை முடிஞ்சி."
விதுர்ஷன் விடுவதாயில்லை:
"தூரம் இருந்தா போதுமா, குறி பிசகினா?
சுகோய் தலையத் தூக்கி ஆகாயத்துலயே நிக்கும் தெரியுமா,
பாம்பு படம் எடுத்த மாதிரி."
"நிக்கிறவனத்தான்டா லேசா அடிக்கலாம்."

பிறகு எஃப்-முப்பத்தைந்து வந்தது.
ராடாருக்கே தெரியாதாம்.
"இதென்ன பெரிசு," என்றார் மருதமுத்து அண்ணன்.
"பதுளை பஸ் மூஞ்சில முட்டுற வரைக்கும்
நமக்குத் தெரியுதா இந்தப் பனியில?"
சிரித்தோம்.
திரும்பும் ஆரம் என்று திரையில் ஒரு கட்டம் வந்ததும்
நானும் வாயைத் திறந்தேன்:
மூன்று பேரும் ஒரு மூட்டை கரட்டும் ஏற்றிக்கொண்டு
பெரகலை வளைவில் ஒரே வெட்டில் திருப்புகிறேனே,
எந்த ஜெட் திருப்பும்?
அதற்கும் சிரித்தார்கள்.

நிமல்சிறி மட்டும் சிரிக்கவில்லை.
விமானப்படையில் பதினெட்டு வருடம்.
பறந்தவர் இல்லை. தரையில் நின்று
இறக்கைக்கடியில் குண்டு பூட்டியவர்.
பென்ஷன் காசில் வாங்கிய பச்சை ஆட்டோ,
வரிசையில் எப்போதும் எனக்கு முன்னாலோ பின்னாலோ.
தமிழ் முழுக்க விளங்கும்.
பேசும்போது வினைச்சொற்களை மட்டும் விட்டுவிடுவார்.

"இது எல்லாம்," என்றார், "பிளேனுக்கு பிளேன்.
எங்கட கிபிர், மேல எதிர் ஆள் இல்லை.
கீழ மட்டும்."
உள்ளங்கையைத் தட்டையாக்கி
ஆட்டோக் கூரைக்கு மேல் உயர்த்தினார், சாய்த்தார்,
சர்ரென்று இறக்கினார்.
முழங்கால் உயரத்தில் ஒரு நொடி.
மறுபடி மேலே.

"கோணம் சரி."
என் வாய்தான் சொன்னது.

எழுபத்தேழில் லயத்துக்குத் தீ வைத்த இரவு
வன்னிக்கு லொறி ஏறிய குடும்பம்.
நான் பிறந்தது தருமபுரத்தில்.
கச்சான் விதைத்த மண்ணில் 'ட' வடிவில் குழி வெட்டினேன்,
ஆளுயரம், மேலே தென்னங்குற்றி.
அங்கே நாங்களும் ஒப்பிட்டோம்.
மிக் தூரத்திலிருந்தே இரைந்துகொண்டு வரும்,
உலையை இறக்கிவைக்க நேரம் தரும்.
கிபிர் தராது.
மாக் எண் தெரியாது, எடை தெரியாது.
அடுப்பிலிருந்து குழிவரை
எனக்குப் பதினோரு எட்டு.
அம்மாவுக்குப் பதினான்கு.

"உனக்கு எப்படி?" என்றார் நிமல்சிறி.
"யூடியூப்ல பாத்தேன்."

என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.
பிறகு டேஷ்போர்டைத் திறந்து
பிஸ்கட் பக்கெட்டை நீட்டினார்.
ஒன்று எடுத்துக்கொண்டேன். இஞ்சி.
நளீம் அடுத்த வீடியோவைத் தட்டினான்.

ரயில் வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்
பச்சை ஆட்டோவில் தம்பேதன்னைக்கு.
எனக்கு ஒரு மிட்வைஃப் தங்கச்சி,
பெரகலைக்குக் கீழே, முந்நூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம்.

இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டேன்.
"ஏன் அண்ணே, பழுதா?"
"இல்லம்மா, பெட்ரோல் மிச்சம்."
டயர் ஈரத்தைக் கிழிக்கும் சத்தம் மட்டும்.
வெறும் ரோடுதான்.
என்றாலும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன்,
கீழே யாராவது இருந்தால்
நான் வருவது
முன்கூட்டியே தெரியட்டும் என்று.