ஈரப்பதம் பதினேழு

ஆண்டறிக்கைப் படிவம் வந்திருக்கிறது.
'பயிலரங்கால் இப்பகுதி அடைந்த பயன்'
என்று கேட்டு
ஓர் அங்குலக் கட்டம் விட்டிருக்கிறார்கள்.

ஐயா,
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
கரம்பைக்குடி நெல் கொள்முதல் நிலையத்தில்
கொட்டகை சும்மா கிடக்கும் மாதங்களில்
ஞாயிறு மாலை கூடினோம்.
எடைமேடைதான் மேடை.
சாக்கை விரித்தால் இருக்கை.
முதல் வாரம் மூன்று பேர்;
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
பிறகு ஒரு வாரமும் தவறாதவர் அவர்தான்:
வைரக்கண்ணு, மூட்டை தூக்குபவர்.

அறுவடை எந்திரம் ஓட்டும் காத்தலிங்கம்
காதலைப் பற்றி நாற்பது வரி வாசித்தான்.
முடிந்ததும் யாரும் பேசவில்லை.
வைரக்கண்ணு அந்தத் தாளை வாங்கி
நெல்லை நெரிப்பதுபோல்
இரு விரலால் தேய்த்துப் பார்த்து
"ஈரம் இருபத்திரண்டு இருக்கு தம்பி.
பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்.
காயவச்சுக் கொண்டா" என்றார்.
அடுத்த வாரம் ஒன்பது வரியோடு வந்தான்.
இதைவிட நல்ல விமர்சனம்
எனக்குச் சொல்லத் தெரியாது. நான் தமிழ் எம்.ஏ.

ஜெகபர் நாச்சியா எழுதினாள், மடித்தாள்,
கைப்பைக்குள் வைத்தாள்.
பதினோரு வாரம் இப்படி.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கார்த்திகையில் மழை.
ஐந்து நாள் சம்பா மூழ்கிக் கிடந்தது.
நண்டலையான் வடிகால் எங்கே என்று கேட்டோம்.
பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
தரையில், மனைக்கற்களுக்கு அடியில் இருந்தது.
மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள்.

குடியரசு தினக் கிராமசபை அன்று
நாடகம் போட்டோம். வசனம் இல்லை.
நடவுக்குப் போகும் செந்தாமரையின் யோசனை:
"நாமளே வடிகாலாப் படுத்துக்குவோம்."
முப்பத்தொரு பேர்,
ஒருவர் கால் அடுத்தவர் தலையில் முட்ட,
பழைய தடத்தில் வளைந்து வளைந்து
சாலையைக் குறுக்கே வெட்டிப் படுத்தோம்.
மனைக்கல் வந்த இடத்தில்
கல்லைக் கட்டிக்கொண்டு படுத்தோம்.
நான் இருபதாவது ஆள். முதுகில் ஜல்லி குத்தியது.
தலைமாட்டில் நின்ற ஜெகபர் நாச்சியா
அன்றுதான் வாய்விட்டு வாசித்தாள்,
மூழ்கிய வயல்களின் பெயர்களை மட்டும்:
கொல்லைமேடு. வண்ணான்துறைக் கட்டளை.
தாவு. சின்னத்தாவு. முள்ளிப்பத்து.

அதிகாரியின் ஜீப் எங்கள் முன்னால் நின்றது.
இறங்கினார்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.
ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.
எங்கள் ஓரமாகவே நடந்தார், ஆறு வரைக்கும்.

பெரிதாக எண்ணிவிட வேண்டாம்.
கிடைத்தது ஒரு குழாய். இரண்டடி விட்டம்.
கொஞ்சம் மேடாகப் பதித்துவிட்டார்கள்,
பாதித் தண்ணீர்தான் போகிறது.
மனைக்கற்கள் இருக்கின்றன.
காத்தலிங்கத்தின் மாமாவுக்கு அதில் இரண்டு மனை;
இவனோடு இப்போது பேச்சில்லை.
அதைப் பயனில் சேர்ப்பதா, செலவில் சேர்ப்பதா?

மேட்டூர் திறந்தால்
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர
பதினைந்து நாள் ஆகும்.
நூலக வண்டி வர அதைவிட அதிகம்.
வெள்ளம் மட்டும்தான்
முறை வைக்காமல் வரும்.

கட்டத்தில் 'குழாய் – 1' என்று எழுதியிருக்கிறேன்.
அடுத்த ஆண்டுக்கு வேண்டுவன:
டியூப்லைட் நான்கு. கொசுவர்த்தி.
பேனா வேண்டாம், பென்சில் அனுப்புங்கள்,
நனைந்தாலும் கரையாது.

வைரக்கண்ணு எழுதத் தொடங்கியிருக்கிறார்.
இன்னும் யாருக்கும் காட்டவில்லை.
கேட்டால், காயுது என்கிறார்.