கலப்பு இருக்கலாம்

பதினொரு விதை.
பரிசு விழாத கேரளா லாட்டரிச் சீட்டில் பொதிந்து
தெரிசனங்கோப்பிலிருந்து தபாலில் வந்தது.
"வெள்ளை வழுதலங்காய். முள் கிடையாது.
புளிக்கறிக்குக் கொள்ளாம்"
என்று பென்சிலில் எழுதியிருந்தார் பூதலிங்கம்.
முகம் பார்த்ததில்லை.
லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர்,
அவ்வளவுதான் தெரியும்.

கருங்கலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
முக்கால் சென்ட் மண்.
பாதியில் கிணறு.
ஓடாத, ஆனால் ஜெஸ்டின் விற்கவும் விடாத பைக்
இன்னொரு கால்வாசி.
மிச்சம் எனக்கு.

ஏழு முளைத்தது.
இடவப்பாதி இறங்கிய ராத்திரி
ஆப்பிரிக்க நத்தை வந்து நாலைத் தின்றது.
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
பெயின்ட் வாளி உப்புத்தண்ணீரில்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் போட்டேன்.
அறுபத்திரண்டு வரை எண்ணினேன்.
செடிக்கு விஷம் அடிக்கமாட்டேன் என்கிறவளின் கை
அப்படியொன்றும் சுத்தமில்லை.

மீதி மூன்றில்
ஒன்று காலையில் நின்றது,
மத்தியானம் நனைந்த குடையாய் மடங்கியது.
ஒன்றை வில்பிரட் சாரின் ஆடு
மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி முடித்துவைத்தது.
சார் வந்து வருத்தம் சொன்னார்.
ஆடு சொல்லவில்லை.

கடைசிச் செடி காய்த்தது.
முதல் இரண்டையும் கறி வைத்தோம்.
மூன்றாவதுதான் ஆக நல்லது,
முட்டை போல, ஒரு வடுவும் இல்லாமல்.
அதில் சிவப்பு நூல் கட்டினேன்.
"காய்க்குத் தாலியா?" என்றான் ஜெஸ்டின்.
நல்லதைத் தின்னாமல் விடுவதுதான் இந்த வேலை
என்று அவனிடம் சொல்லவில்லை.
பசிக்கிற நேரத்தில் எடுபடாது.

செடியிலேயே அது மஞ்சளாயிற்று.
காமாலைக்காரரின் சீரம்
குழாயில் தெளிந்து நிற்குமே, அந்த மஞ்சள்.
ரத்தப் பரிசோதனைக்காரியின் கண்
வேறு எதைக் கண்டுபிடிக்கும்?

துலாமழையில் பழையாறு பொங்கியதாக
பூதலிங்கம் எழுதினார்.
ஷெட்டில் இருந்த தகரப்பெட்டி முங்கிப்போயிற்றாம்.
"எனக்க கையிலே இப்போ ஒண்ணும் இல்லை.
நான் தந்ததிலே ஒரு நுள்ளு கிட்டுமா?"

காயைப் பறித்து
பிரிட்ஜின் மேலே ஐந்து நாள் அழுகவிட்டேன்.
வீடு முழுக்க நாற்றம்.
பிசைந்து தண்ணீரில் போட்டேன்.
மிதந்தது பதர்.
மூழ்கியது விதை.
பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்தி
தேதி முடிந்துபோன ஊதா மூடிக் குழாய் இரண்டில்
அடுப்புச் சாம்பலோடு அடைத்தேன்.
ஒன்று அவருக்கு.

லேபிள் ஒட்டும்போதுதான் கை நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம்
சாரின் வளர்ப்புப் பைகளில் நர்சரிச் செடி,
கறுத்த ஊதாக் காய்.
தேனீக்கு மதில் தெரியாது.
பூவுக்கு மாட்டவென்று
கொசுவலையை வெட்டிப் பை தைத்திருந்தேன்.
அந்த வாரம் டெங்குக் காய்ச்சல்,
இரட்டை டியூட்டி;
பை என் கைப்பைக்குள்ளேயே கிடக்க
பூ விரிந்து மூடிவிட்டது.

லேபில் சந்தேகம் வந்தால்
மறுபடி ஊசி குத்தி எடுப்போம்.
நோயாளி முறைப்பார், அவ்வளவுதான்.
இங்கே குத்துவதற்கு
இன்னொரு காய் இல்லை.

பெயர், ஊர், பறித்த தேதி எழுதினேன்.
கீழே சின்னதாக
"கலப்பு இருக்கலாம்."
அடித்தேன்.
மறுபடி எழுதினேன், கொஞ்சம் பெரிதாக.

பங்குனியில் அஞ்சலட்டை வந்தது.
"அஞ்சு செடி காய்ச்சு. நாலு வெள்ளை.
ஒண்ணுலே ஊதா வரி.
வரிக்காரனைப் பிடுங்கணும், மனசு வரல்லை.
அதுவும் புளிக்கறிக்குக் கொள்ளாம்."

என் பங்கில் முளைத்தவை
இன்னும் பூக்கவில்லை.
கொசுவலைப் பை
கிணற்றடி ஆணியில் தயாராகத் தொங்குகிறது.
நேற்று ராத்திரி நத்தை
பதினேழு.