பதினான்காம் கேள்வி

மேற்பிரிவு, பத்துக் காம்பரா லயம்.
அட்டை ஏறாதிருக்கக் காலில் சவர்க்காரம் பூசி,
படிவக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மழைக்குள் ஏறிப் போனேன்.

தொங்கல் காம்பராவில் செல்லமணி அக்கா
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்தார்.
இன்றைக்கு இரண்டு கிலோ குறைந்துவிட்டதாம்,
அரைப்பேர்தான் விழுந்ததாம்.
அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை.

வயது. படிப்பு. வீட்டில் எத்தனை பேர்?
நாலு என்றார். இல்லை, மூணு.
கொஞ்சம் பொறுத்து,
"நாலுன்னே போடுங்க புள்ள."

பதினான்கு:
இவ்வீட்டில் எவரேனும் போதைப்பொருள் பாவிக்கிறாரா?
ஆம், இல்லை, தெரியாது.

"இல்ல."
நான் வாசித்து முடிக்கவேயில்லை.

சுவரில் டீவி இருந்த இடம் மட்டும்
அடுப்புப்புகை படியாமல் சதுரமாய் வெளுத்திருந்தது.
அரிசி வாளிக்குப் பூட்டு.
அதன் சாவி அவர் கழுத்து மஞ்சள் கயிற்றில்.
கயிற்றில் சாவி மட்டும்தான்.

ஹட்டனில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்.
கண்டதை எழுதாதே, சொன்னதை எழுது;
தரவு சுத்தமாய் இருக்க வேண்டும்.
படிவத்தைப் பரீட்சிக்க
முதலில் எங்களையே நிரப்பச் சொன்னார்கள்.
கொழும்புக் கடையில் வேலைக்குப் போன தம்பி
பாதி உடம்போடு திரும்பியிருந்த மாதம் அது.
கேள்வியை முழுக்க வாசிக்காமலே
'இல்லை'க்கு நேரே சரி போட்டேன்.
சரி என்றுதான் அந்தக் கோட்டுக்குப் பெயர்.

கடைசிப் பிள்ளை ரிஷாந்தினி
பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு
பிளேடால் நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கும் ஒன்று நீட்டினாள்.
ஈயத்தாள். முன்பக்கம் மினுக்கம்.
திருப்பினால், குறுக்கே ஓடிய கருகல்.

"இவ்வளவு தாள் ஏதும்மா?"
"அண்ணன் கட்டிலுக்கடியில நெறைய கெடக்கு மிஸ்."

செல்லமணி அக்கா எழுந்து
தேத்தண்ணி வைக்கப் போனார்.
சீனி இல்லை என்று
உள்ளேயிருந்தே மூன்று தரம் சொன்னார்.
நான் பதினைந்தாம் கேள்வியைத் தேடினேன்.
'இல்லை' எனில் இருபத்திரண்டுக்குச் செல்லவும்
என்றிருந்தது.

எட்டு மாதம் கழித்து
நுவரெலியாவில் அறிக்கை வெளியீடு, சிற்றுண்டியோடு.
வரைபடத்தில் எங்கள் மலை முழுக்கப் பச்சை.
பக்கத்துக் கதிரையில் இருந்தவர்
தேயிலைதானே, என்றார்.
இல்லை, பாவனை குறைந்த இடத்துக்கு அந்த நிறம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள்.