மினுக் மினுக்குனு

பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை.
கோர்ட்டில் மூன்று ஃபேன், ஓடுவது ஒன்று,
அது என் மேசைக்கு நேர் மேலே இல்லை.
தமிழில் வந்து விழுவதை
இங்கிலீஷில் எடுத்து வைப்பது என் வேலை.
நடுவில் ஜட்ஜ் மலையாளத்தில் தண்ணீர் கேட்பார்.

கூண்டில் நஞ்சப்பன். கள் இறக்குபவர்.
ஒழலபதிப் பக்கம் தோப்பு.
வேட்டியைத் தழையவிட்டிருக்கிறார்,
பாதத்துக் காய்ப்புக்கு அது எட்டவில்லை.

“விடியறதுக்கு முன்னாலீங்க.
மரத்து மேல இருந்தனுங்க.
ரோட்டுல மினுக் மினுக்குனு ஒரு வெளிச்சம் போச்சு.
வேன் வந்துச்சு.
அப்புறம் அது இல்லீங்க.”

எது இல்லை,
வெளிச்சமா, கிட்டுச்சாமியா
என்று யாரும் கேட்கவில்லை.
கிட்டுச்சாமியின் மகள் மட்டும்
கடைசி பெஞ்சில் தலையைத் தூக்கினாள்.

வக்கீல் பிரஸன்னன் எழுந்தார்.
மினுக் என்றால் என்ன, மேடம்?
சைக்கிளில் விளக்கு எரிந்ததா?
அல்லது மட்கார்டில் ஒட்டிய சிவப்புச் சில்லு
எங்கள் வேனின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பியதா?
ஒரே சொல் போதும்.

சில்லுதான் என்றால்
பாதித் தப்பு செத்தவன் கணக்கில்.

இந்த இங்கிலீஷ்காரன்
ஒரே எழுத்தில் தொடங்கும் வெளிச்சங்களாய்ப் பெற்றுப் போட்டிருக்கிறான்.
க்ளோ வேண்டாம். அது கங்கு,
அசையாமல் உள்ளுக்குள் சிவந்திருப்பது,
இப்போது பியூட்டி பார்லர் போர்டிலும் இருக்கிறது,
முகத்துக்கு நானூறு ரூபாய்.
க்ளீம், தேய்த்த பித்தளை.
சொந்தமாக ஒன்றுமில்லை, கடன் வாங்கிய பளபளப்பு.
பிரஸன்னனுக்கு வேண்டியது அதுதான்.
க்ளிட்டர் கல்யாணப் பத்திரிகையில் கொட்டுவது,
விரலைவிட்டுப் போகாது.

மிச்சம் இருப்பது ஒன்று.

அதை எனக்கு முதலில் சொன்னவர்
கோயமுத்தூரில் ஒரு டாக்டர்.
அம்மாவின் ஸ்கேனை ஜன்னலுக்கு நேரே பிடித்து
க்ளிம்மர் ஆஃப் ஹோப் என்றார்.
அம்மா என்னைப் பார்த்தாள்.
துளி நம்பிக்கை இருக்காம் என்றேன்.
வெளிச்சத்தை நீராக்கிவிட்டேன்.
கீற்று என்று சொல்லியிருக்கலாம்,
ஆனால் எங்கள் ஊரில் கீற்று தென்னையில் இருப்பது,
பந்தலுக்கு வெட்டுவது.
வாசலில் பந்தல் போடப் பதினோரு நாள் இருந்தது.

அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
எப்போதும் நம்பிக்கைதான் நிற்கிறது.
துக்கத்துக்கு அதை யாரும் செலவழிப்பதில்லை.
துக்கம் மினுக்குவதில்லை போல.

ஜட்ஜ் பேனாவால் மேசையைத் தட்டினார்.
சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன்.
எப்படி மினுக்கியது?

“மிதிச்சா கூடும்ங்க.
ஏத்தத்துல தேயும்.
ஏத்தம் முடிஞ்சா மறுபடி கூடும்.”

டைனமோ.
இருந்தும் நான் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது,
அவர் சொல்லவில்லை.
சில்லு, வெளிச்சம் வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்பும்,
டிரைவர் கண்ணுக்கு அனுப்பும்,
நாற்பதடி உயரத்தில் குடுவையோடு இருப்பவருக்கு அனுப்பாது.
இதையும் நான் சொல்லக் கூடாது.
வாதாட எனக்குச் சம்பளமில்லை.
ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம்.

க்ளிம்மர், யுவர் ஆனர்.
மிதித்தால் கூடியது, ஏற்றத்தில் தேய்ந்தது.

பிரஸன்னன் உட்காரவில்லை, நிற்கவும் இல்லை.
டைப்பிஸ்ட் கை நிறுத்திக் கேட்டாள்:
எம் ஒன்றா, இரண்டா?
இரண்டு என்றேன்.

படியிறங்கும்போது நஞ்சப்பன் ஓரமாய் வந்தார்.
“என்ன வார்த்தைங்க போட்டீங்க?”
சொன்னேன்.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.
“கிளி, மரம்.
ரெண்டும் நம்மதுதானுங்களே.”

தீர்ப்பு பதினெட்டாம் தேதி.
சாயங்காலப் பாளை சீவணும் என்று
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுக்கு ஓடினார்.
அந்தப் பெண்ணும் அதே பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன்.
இருவரும் வேறு வேறு சீட்.