அடிக்குறிப்பு பதினான்கு

தண்டையார்பேட்டை அச்சகத்தில்
மெய்ப்புப் பார்க்கப் பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்.
ஒற்று மிகுமா மிகாதா என்பதைத் தவிர
வேறெதுவும் யோசிக்கக் கூடாது என்று
முதலாளி நாகலிங்கம் சொல்லியிருக்கிறார்.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
எங்கே ஏறினான் எங்கே இறங்கினான் என்றே
ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பழைய மாலுமி ஒருவன்
குடிதண்ணீருக்கு நங்கூரம் போட்ட கரையில்
காட்டு மனிதரைக் கண்டதாக எழுதுகிறான்.
உடம்பெங்கும் சாம்பல் மயிராம்.
கழுத்தளவு நீரில் நாலு காலால் நடக்குமாம்.
முகவாயில் கூடு போல ஒரு சதை தொங்குமாம்.
கையசைத்துக் கூப்பிட்டோம், பார்த்தன,
அவற்றுக்குப் பேச்சு இல்லை.

கீழே, பொடி எழுத்தில்:
கரடியாக இருக்கலாம்.
குரங்காக இருக்கலாம்.
படியெடுத்தவரின் தூக்க கலக்கமாகவும் இருக்கலாம்.

தூக்கக் கலக்கம்.
ஒரு க் சேர்த்தேன், சிவப்பில்.

பதிப்பாசிரியர் மருமகன் வீட்டில் இருந்தார்,
அத்திப்பட்டு, அனல்மின் குடியிருப்பு.
கட்டைக் கொடுத்துவர ரயில் ஏறினேன்.
டீக்கடைக்காரர் சொன்ன குறுக்குவழி
கொசஸ்தலை ஆற்றில் போய் முடிந்தது.
காற்றெல்லாம் சாம்பல்.
கைக்குட்டையை மூக்கோடு கட்டிக்கொண்டு பார்க்கிறேன்,
தண்ணீரில் ஏழெட்டுத் தலைகள்.
நரைத்த தோள்கள்.
கைகள் அடிச்சேற்றைத் தடவ
முழங்காலால் நகர்ந்து
வாயருகே எதுவோ தொங்க.

குடியிருப்புக்கு இப்படியா, என்று கத்தினேன்.
பார்த்தார்கள்.
பேசவில்லை.

முதுகில் ஓர் எறும்பு ஊர்ந்தது.
எழுநூறு வருஷத்து எறும்பு.

ஒருத்தி கரையேறினாள்.
பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியை எடுத்து,
ஒரு தரம் துப்பி,
"வாயில பறி இருக்கசொல்ல கேட்டா
இன்னாத்த சொல்றது?
தொறந்தா எறா மொத்தமும் பூடும்."
பெயர் பூங்காவனமாம்.

அந்தக் காலத்தில் சாம்பல் ஏது,
சேறாக இருந்திருக்கும்.
மயிர் பாசியோ என்னவோ.
அது இந்த ஆறே இல்லாமலும் இருக்கலாம்.
நிஜமாகவே கரடியாகவும்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க
அவள் தலைமுடியைப் பிழிந்தபடி சொன்னாள்:
"பறி இல்லாங்காட்டியும் பேசியிருக்க மாட்டோம்.
மூஞ்சிய கட்டிக்கினு
காயிதத்த ஆட்டிக்கினு நிக்கிற.
சர்வேக்காரன்னு நெனச்சோம்.
பேசுனா எழுதிக்குவீங்க."

கால் கிலோ வாங்கினேன். பை இல்லை.
"அத்த குடு" என்று மேலாக இருந்த தாளை உருவிச்
சுருட்டிக் கட்டிக் கொடுத்தாள்.
வழியும் காட்டினாள், முகவாயால்.

பதிப்பாசிரியரிடம்
இருநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்து
பதின்மூன்றைக் கொடுத்தேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பும் ரயிலில், திருவொற்றியூர் தாண்டும்போது,
மடியில் ஒன்று துள்ளியது.
பிரித்தேன்.
சிவப்பு மை கரைந்து ஓடியிருந்தது.
பொடி எழுத்துக் கரடி
ஒரு எறாவின் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.